வீட்டில் கற்பிக்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

லாஸ்பேட்டை அம்மா:
பிரான்சில் இருக்கும் என் அக்கா, மகனை வீட்டிலேயே படிக்க வைக்க அரசிடம் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முன்பெல்லாம் அங்கே தகவல் கொடுத்தாலே போதும். 2021-ல் சட்டம் மாறி, 2022 கல்வியாண்டிலிருந்து முன் அனுமதி கட்டாயம். மார்ச் 1 முதல் மே 31-க்குள் கேட்க வேண்டும். உடல்நிலை, தீவிர விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, ஊர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பம் அல்லது பள்ளியின் தூரம், பிள்ளைக்கே உரிய தனிச் சூழல் என நான்கு காரணங்களைத்தான் ஏற்பார்கள்.

புதுச்சேரியில் என் 7 வயது மகளுக்கு நானே கற்பிக்க நினைக்கிறேன். இங்கே அரசுப் பள்ளிகளும் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. கணக்கையும் அறிவியலையும் அவள் தமிழில் யோசித்துக் கற்க வேண்டும் என்பது என் ஆசை. இதற்கென்று அனுமதிப் படிவம் எதுவும் இங்கே இல்லை. இல்லாமலே இருக்கட்டும் என்கிறேன். பெற்ற பிள்ளைக்குப் பாடம் சொல்ல யாரிடம் அனுமதி கேட்பது?

கெடிலக்கரை:
கடலூர் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன் அம்மா. படிவம் இல்லை என்றால் தடையும் இல்லை என்று ஆகிவிடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவைப் பாருங்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை.

லாஸ்பேட்டை அம்மா:
பார்த்தேன் சார். கடமை என்று சொல்கிற அந்தச் சட்டம் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துகிறவர்களுக்குத்தான் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நான் பள்ளி நடத்தப் போவதில்லையே. 14 வயதானால் என்ஐஓஎஸ் என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியத்தில் தமிழிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்கள். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு.

கெடிலக்கரை:
தண்டனை வைக்காதது சரிதான். வைத்திருந்தால் முதலில் மாட்டுவது பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் தாய்தான். ஆனால் உங்கள் மகளை மட்டும் வைத்து யோசிக்காதீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்று அதில் இருக்கிறது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? வயதுக்கு வந்ததும் நிறுத்தப்படும் பெண்பிள்ளைகளைத் தேடிப் போய் வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் நான். "வீட்டில் படிக்கிறாள்" என்ற ஒரே பதில் போதும் என்றாகிவிட்டால், எதைக் காட்டி அந்தப் பிள்ளையைத் திரும்ப அழைத்து வருவேன்? அனுமதி முறை இருந்தால், வாங்கினீர்களா என்றாவது கேட்க முடியும்.

முத்தியால்பேட்டை அப்பா:
நடுவில் வருகிறேன். என் பையனுக்குக் கடுமையான மாற்றுத்திறன். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியை உரிமையாகவே கொடுத்திருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் பெயர் உண்டு, சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து போகிறார். அவர் வந்த பிறகுதான் அவன் கை பென்சில் பிடிக்கும் விதத்தில் ஒரு சிக்கல் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும் சகோதரி. ஆனால் காரணம் சரியா என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யும் பிரான்ஸ் முறை வேண்டாம். தகவல் கொடுப்பது, வருடம் ஒருமுறை பார்வையிடுவது, அவ்வளவு போதும்.

லாஸ்பேட்டை அம்மா:
அண்ணே, அதை ஏற்கிறேன். அக்கா ஊரில் முன்பு இருந்ததும் அதுதான். தகவல் கொடுத்தால் வருடாவருடம் ஆய்வாளர் வந்து பார்ப்பார். யாராவது வந்து என் மகளை வாசிக்கச் சொல்லட்டும், கணக்குப் போடச் சொல்லட்டும். பிள்ளையைப் பார்க்காமலே காகிதத்தை வைத்து "முடியாது" என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

கெடிலக்கரை:
வந்து பார்த்தபோது பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றால்?

லாஸ்பேட்டை அம்மா:
பள்ளியில் சேர்க்கச் சொல்லலாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்கச் சட்டத்தின் 4-வது பிரிவு இருக்கிறதே சார்.

கெடிலக்கரை:
இருக்கிறது. என் வகுப்பிலேயே அப்படிச் சேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் போன வருடங்களை அந்தப் பிள்ளைதான் இழக்கிறது. அதனால்தான் முன்கூட்டியே கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன். உங்களைப் போன்றவர்களுக்கு அனுமதி மறுக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதலாம், அதை நான் ஆதரிப்பேன். விண்ணப்பமே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.