லெஸ் பிளாங்க் எடுத்தது டாக்குமெண்டரியே இல்லையாம்! (அந்தப் பல்லு சீன் பத்தியும்)

பழையரீல்:
நேத்து இன்னொரு திரெட்ல கேள்விக்குறி எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசே ஆறல, அதான் தனியா ஆரம்பிக்கிறேன். அவர் சொன்னது: அமெரிக்க டைரக்டர் லெஸ் பிளாங்க் எடுத்ததெல்லாம் டாக்குமெண்டரி இல்ல, தின்னு குடிச்சு ஆடுறதைக் காட்டுற டூரிஸ்ட் வீடியோ. லூசியானா சதுப்பு நிலம், டெக்சஸ் பார்டர், நியூ ஆர்லியன்ஸ் தெரு, நார்த் கரோலினா மலைன்னு அலைஞ்சு, அந்த ஜனங்க அடுப்படி வரைக்கும் போய், அவங்களை அவங்க பாஷையிலேயே பேச விட்டு எடுத்த மனுஷன்யா அது. பின்னணிக் குரல் கிடையாது, புரொபசர் வந்து விளக்கம் சொல்ல மாட்டார். டெக்சஸ் பார்டர் மெக்சிகன் பாட்டுக்காரங்களைப் பத்தின "சூலாஸ் ஃப்ரோன்டெராஸ்" 1976ல வந்தது, 1993லயே அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டுல சேர்த்துட்டாங்க. பூண்டைப் பத்தி அவர் எடுத்த படம் 2004ல சேர்ந்துச்சு. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் டூரிஸ்ட் வீடியோவையா பாதுகாத்து வைக்குது?

கேள்விக்குறி:
அவார்டு லிஸ்ட் நான் கேக்கல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அதுக்கு யாரும் பதில் சொல்லல. "ஸ்பெண்ட் இட் ஆல்" (1971) படத்துல ஒரு கேஜன் ஆளு (லூசியானாவுல இருக்குற பிரெஞ்சு வம்சாவளி) குறடு எடுத்துத் தன் பல்லைத் தானே புடுங்குறார். கேமரா சும்மா நின்னு பாக்குது. ஏன்யா டாக்டர்கிட்ட போகல, காசு இல்லையா, பக்கத்துல டாக்டரே இல்லையான்னு ஒரு வார்த்தை இல்ல. அது வறுமை. வறுமையைக் காட்டிட்டு "எவ்ளோ ஜாலியான ஜனங்க"ன்னு சொல்ற படத்துக்கு என்ன பேரு?

தவில்பிரியன்:
முதல்ல டாக்குமெண்டரின்னா என்னன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டு சண்டை போடுங்களேன். ஒருத்தர் ஒண்ணை நினைக்கிறார், இன்னொருத்தர் வேற ஒண்ணை நினைக்கிறார்.

பழையரீல்:
தவில், அதெல்லாம் அப்புறம். கேள்விக்குறி சார், அந்தப் பல்லு சீன் வறுமைன்னு உங்களுக்கு யார் சொன்னா? அந்த ஆளு உங்ககிட்ட வந்து அழுதாரா? கேஜன் ஜனங்க யாருன்னு தெரியுமா? கனடா நோவா ஸ்கோஷியா பக்கம் இருந்த பிரெஞ்சுக்காரங்க, 1755லேர்ந்து பிரிட்டிஷ்காரன் கப்பல்ல ஏத்தித் துரத்தினான், அகேடியன்னு இருந்த பேருதான் தேய்ஞ்சு கேஜன் ஆச்சு. லூசியானா வந்து நண்டு புடிச்சு, மாடு மேய்ச்சுப் பொழைச்சாங்க. 1921 மாநில அரசியல் சட்டம் ஸ்கூல்ல இங்கிலீஷ் மட்டும்தான்னு சொல்லிடுச்சு, பிரெஞ்சு பேசின புள்ளைங்களை வாத்தியார் அடிச்சான். அப்படி அவமானப்பட்ட ஜனம் தன் பாஷையில பாடி, தன் சோத்தைத் தின்னு சிரிக்கிறதைப் படம் எடுத்தா அதுவே அரசியல். அதுக்கு மேல ஒரு குரல் வந்து "இவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள்"னு வாசிக்கணுமா? தன் பல்லைத் தானே புடுங்குறவன் யார் கையையும் எதிர்பாக்காதவன். எனக்கு அங்க தெரிஞ்சது திமிரு.

கேள்விக்குறி:
1921, 1755 எல்லாம் நீங்க இங்க எழுதுறீங்க. என் பிரச்சினையே அதுதான். தமிழ்ல உக்காந்து நீங்க சொல்ற விளக்கத்தை அந்தப் படம் அழுத்திச் சொல்லியிருக்கணும். ஒரு மனுஷன் வாயில ரத்தத்தோட குறடு புடிச்சு நிக்கிறதைப் பார்த்து "திமிரு"ன்னு சொல்றது தூரத்துல சொகுசா இருக்குறவன் பார்வை.

ஹூஸ்டன்காரி:
நான் பதினோரு வருஷமா ஹூஸ்டன்ல இருக்கேன், லூசியானாவுல லஃபயெட் பக்கம் அடிக்கடி போவோம். ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. ரெண்டு பேருமே எல்லாத்தையும் கேஜன், கேஜன்னு ஒரே மூட்டையா கட்டுறீங்க. போன திரெட்ல பழையரீல் அண்ணா "ஹாட் பெப்பர்" படத்தையும் கேஜன் படம்னு எழுதினீங்க. அது கிளிஃப்டன் செனியர்ங்குற இசைக்கலைஞர் பத்தின படம், அவர் கருப்பின கிரியோல், அதாவது லூசியானாவுல பிரெஞ்சு பேசுற கருப்பின ஜனம், அவர் வாசிக்கிறது ஸைடிகோங்குற அவங்க இசை. அவர் கையில இருக்குறது பியானோ மாதிரி கட்டை வச்ச பெரிய அக்கார்டியன், கேஜன்காரங்க வாசிக்கிற பட்டன் வச்ச சின்னப் பெட்டி இல்ல. கூடவே நெஞ்சுல மாட்டிக்கிற தகரப் பலகையைச் சுரண்டி வாசிப்பாங்க. அங்க போய் கிரியோலை கேஜன்னு சொல்லிப் பாருங்க, மூஞ்சி மாறிடும்.

பழையரீல்:
சகோதரி, அவசரத்துல எழுதினது அது. செனியர் ஓபெலூசஸ்காரர், 1925ல பொறந்தவர்னு எனக்கும் தெரியும். ஆனா பாருங்க, ஸைடிகோங்குற பேரே "அவரைக்காய்ல உப்பு இல்ல"ன்னு அர்த்தம் வர்ற பிரெஞ்சுப் பாட்டு வரியிலேர்ந்து வந்ததா சொல்றாங்க. உப்புக்கண்டம் போட்டு வேகவைக்கக் கூட வழியில்லாத வீடுன்னு அர்த்தம். அந்த வறுமை பாட்டுக்குள்ளயே இருக்கு சார், காதைத் திறந்தா கேக்கும். கேள்விக்குறிக்குப் பல்லு மட்டும்தான் தெரியுது.

மெட்ராஸ்பையன்:
லூசியானாவுல செய்யுற இந்த கம்போ குழம்புல வெண்டைக்காய் போடுவாங்களாமே, நிஜமா? வழவழன்னு இருக்காது?

ஹூஸ்டன்காரி:
போடுவாங்க தம்பி. கம்போங்குற பேரே ஆப்பிரிக்க பாஷைகள்ல வெண்டைக்காய்க்கு இருந்த பேர்லேர்ந்து வந்ததுதான்னு சொல்வாங்க. அடிமையா கொண்டு வந்தவங்களோட வந்த காய் அது. மாவையும் எண்ணெயையும் சாக்லேட் கலர் வர்ற வரைக்கும் கைவிடாம கிண்டி, வெங்காயம், செலரி, குடைமிளகாய் போட்டு வதக்கணும். வெண்டைக்காய் போடலேன்னா சாசஃப்ராஸ்ங்குற மரத்தோட இலைப் பொடி தூவிக் கெட்டியாக்குவாங்க, அது சோக்டா பூர்வகுடிகள்கிட்ட கத்துக்கிட்டது. தக்காளி மட்டும் போடக் கூடாது.

தவில்பிரியன்:
தக்காளி போடக் கூடாதா? நியூ ஆர்லியன்ஸ்ல கிரியோல் வீடுகள்ல போடுறாங்களே. இப்பதான் கிரியோல் வேற கேஜன் வேறன்னு பாடம் எடுத்தீங்க, இப்ப கேஜன் வீட்டுக் குழம்பை வச்சு எல்லாருக்கும் சட்டம் போடுறீங்க.

ஹூஸ்டன்காரி:
நான் சாப்பிட்ட வீடுகள்ல போடல. நீங்க அங்க சாப்பிட்டீங்களா, இல்ல படிச்சீங்களா?

கேள்விக்குறி:
பாருங்க, எல்லாரும் குழம்புக்குப் போயிட்டீங்க. லெஸ் பிளாங்க் படம் பண்றதும் இதேதான். பல்லு வலிக்கிற மனுஷனை விட்டுட்டு சட்டியைப் பாக்குறது.

பழையரீல்:
சட்டியைப் பாக்குறது தப்பா? "ஆல்வேஸ் ஃபார் ப்ளெஷர்" (1978) பாருங்க, பாடகி இர்மா தாமஸ் சிவப்பு பீன்ஸ் (ராஜ்மா மாதிரி) சாதம் எப்படிச் செய்யுறதுன்னு சொல்லிக்கிட்டே போறாங்க. திங்கக்கிழமை துணி துவைக்கிற நாளு, அடுப்புல பீன்ஸை ஏத்திட்டா அது பாட்டுக்கு வேகும், அதான் நியூ ஆர்லியன்ஸ்ல அது திங்கக்கிழமைச் சாப்பாடு. ஒரு உழைப்பாளிப் பொம்பளையோட வாரமே அந்தச் சட்டிக்குள்ள இருக்கு. அதே படத்துல கருப்பின ஆளுங்க மணியும் இறகும் கையாலேயே தைச்சுப் போட்டுக்கிட்டு மார்டி கிராஸ் திருவிழா அன்னைக்குத் தெருவுல இறங்குறாங்க. தப்பிச்சு ஓடின அடிமைகளுக்கு இடம் கொடுத்த பூர்வகுடிகளுக்கு மரியாதைன்னு அவங்க வழிவழியா சொல்லிட்டு வர்றாங்க. இதுல சரித்திரம் இல்லேன்னா எதுல இருக்கு? அப்புறம் "சூலாஸ் ஃப்ரோன்டெராஸ்"ல பாடகி லிடியா மெண்டோசா பாட்டும் இருக்கு, அவங்க வீட்டுப் பொம்பளைங்களோட சேர்ந்து தமாலேங்குற மக்காச்சோள மாவுப் பலகாரம் செய்யுறதும் இருக்கு, கூலி வேலைக்கு ஊர் ஊரா போற மெக்சிகன் குடும்பங்களும் இருக்கு. வறுமையைப் பத்திப் பேசல, பேசலன்னா எப்படி? அந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் பாத்தீங்களா இல்லையா, நேரா சொல்லுங்க.

கேள்விக்குறி:
பாத்தேன். அது நல்ல படம். நான் பேசுறது பல்லைப் பத்தி.

மெட்ராஸ்பையன்:
பூண்டு படம் ஓடும்போது தியேட்டருக்குள்ளயே பூண்டு சுட்டு வாசனை வர வைப்பாராமே?

பழையரீல்:
ஆமா தம்பி, 1980ல வந்த படம், டோஸ்டர் அவன்ல பூண்டை வச்சு ஹால் பூரா மணக்க வைப்பார். படம் பாக்க வந்தவனுக்குப் பசிக்கணும்னு நினைச்ச ஒரு டைரக்டரை எனக்குக் காட்டுங்க.

கேள்விக்குறி:
வாசனை வர வைக்கிறது வித்தை. பல்லு வலியை அந்த ஹால்ல எப்படி வர வைப்பாராம்?

பழையரீல்:
உங்களுக்கு எதுலயும் குறை மட்டும்தான் தெரியும். நாட்டுப்பாட்டு சேகரிச்ச லோமாக்ஸ் பத்தின திரெட்ல, பாடகர் லெட்பெல்லியை டெக்சஸ் ஜெயில்ல ரெக்கார்ட் பண்ணாங்கன்னு அடிச்சுச் சொன்னவர்தானே நீங்க? 1933, லூசியானா அங்கோலா ஜெயில்னு நான் சொன்னப்போ மூணு நாள் ஆளையே காணோம்.

கேள்விக்குறி:
எட்டு மாசத்துக்கு முந்தின கணக்கை இன்னும் வச்சிருக்கீங்க. லெட்பெல்லி டெக்சஸ் ஜெயில்லயும்தான் இருந்தார், அதுல ஊரைக் குழப்பிட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பழையரீல்:
சம்பந்தம் இருக்கு. ஊரையே மாத்திச் சொல்றவர், அந்த ஊர்க்காரன் பல்லுக்கு அர்த்தம் சொல்ல வந்துட்டார். ஜெர்மன் டைரக்டர் வெர்னர் ஹெர்சாக் அந்தப் பல்லு சீனைப் பார்த்துட்டு அதே மாதிரி ஒண்ணைத் தன்னோட "ஸ்ட்ரோசெக்" (1977) படத்துல வச்சார். ஹெர்சாக்குக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல.

தவில்பிரியன்:
ஹெர்சாக் வச்சுட்டா சரின்னு ஆயிடுமா தலைவா? அவர் எடுத்தது கதைப்படம். அதுல அமெரிக்கா வந்து நொந்து போற ஆளுங்க கதைதானே. அப்போ கேள்விக்குறி சொல்ற பக்கம்தான் அது சாயுது.

கேள்விக்குறி:
நன்றி தவில்.

பழையரீல்:
தவில், நீங்களுமா? சரி, இருக்கட்டும். 2013ல அந்த மனுஷன் செத்தப்போ இங்க நாலு பேர் கூட ஒரு வரி எழுதல. அப்ப எங்க இருந்தீங்க எல்லாரும்? நான்தான் எழுதினேன். பின்னணிக் குரல் இல்லாம ஒரு ஜனத்தைக் காட்டுறதுக்கு அவங்க மேல எவ்வளவு நம்பிக்கை வேணும்னு யோசிங்க. பல்லைப் புடுங்கினவர் வெக்கப்படல, கேமராவைப் போன்னு சொல்லல. அவருக்கே இல்லாத வெக்கம் உங்களுக்கு எதுக்கு சார்?

கேள்விக்குறி:
அவர் வெக்கப்படணும்னு நான் எங்க சொன்னேன்? கேமரா புடிச்சவர் "வலிக்குதா?"ன்னு கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்.

ஹூஸ்டன்காரி:
தவில் அண்ணா, பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட இப்பதான் போன்ல கேட்டேன். தக்காளி கிடையவே கிடையாதாம்.

தவில்பிரியன்:
அவங்க எந்த ஊருன்னு கேட்டீங்களா?