எடைப்பாலத்துப் பழைய மென்பொருளில் சில மாதங்கள் மட்டும் காலியாகத் தெரிகின்றன: உதவி தேவை

தோட்டக்கிராணி (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தின் எடைச்சீட்டுகளைப் புதிய சேமிப்புப் பெட்டிக்கு மாற்றியதிலிருந்து, எடை மென்பொருளில் ஜனவரி, மார்ச் மாதச் சீட்டுகள் சரியாக வருகின்றன. பிப்ரவரியும் ஏப்ரலும் காலியாக இருக்கின்றன. வேறு கணினியில் பார்த்தால் எல்லாம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சிறுதோட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

ஈப்போவலை:
எந்த இயங்குதளம், பெட்டியை எந்த முறையில் இணைத்திருக்கிறீர்கள், மென்பொருள் எந்தக் காலத்தது என்பவற்றை எழுதுங்கள். இவை தெரியாமல் எதுவும் சொல்வதற்கில்லை.

கம்பார்வாசி:
இது எஸ்எம்பி1 (விண்டோஸ் கணினிகள் வலைவழியே கோப்புகளைப் பகிரும் பழைய முறை) சிக்கல்தான். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதை மீண்டும் இயக்கினால் பழைய மென்பொருள் பேசத் தொடங்கும்.

நெடுநாள்உறுப்பினர்:
கேட்பவருக்குக் கேட்கத் தெரியவில்லை, சொல்பவருக்குப் படிக்கத் தெரியவில்லை. எஸ்எம்பி1 இல்லையென்றால் ஒரு மாதமும் திறக்காது. ஜனவரி திறந்து பிப்ரவரி திறக்காமல் இருப்பது எப்படி? மேலும், 2017 மே மாதம் வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கிருமி பரவிய வழியே அதுதான். அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

கம்பார்வாசி:
எடைப்பாலத்துக் கணினி இணையத்தில் இல்லாதபோது எந்தக் கிருமி வரும், ஐயா? அந்த ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது.

நெடுநாள்உறுப்பினர்:
அதே வலையில் கணக்கரின் மடிக்கணினி இருக்கும். அது மாலையில் வீட்டுக்குப் போய், காலையில் திரும்பி வரும். அது போதும்.

பீடோர்ப்பையன்:
கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறீர்களா? எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

தோட்டக்கிராணி:
மன்னிக்கவும், எடை போடும் இடத்தில் இருந்தேன். விண்டோஸ் இல்லை, லினக்ஸ். மென்பொருள் 2003-இல் எழுதப்பட்ட 32 பிட் நிரல்; எழுதியவர் காலமாகிவிட்டார், மூலநிரல் எங்களிடம் இல்லை. கோப்புறைப் பெயர்கள் 01, 02 என்ற எண்கள்தாம். இணைப்பு என்எஃப்எஸ் (லினக்ஸில் வலைவழியே கோப்புகளைப் பகிரும் முறை). பழைய பெட்டி 500 கிகாபைட், புதியது 8 டெராபைட். சீட்டு எண்ணைத் தட்டினால் பிப்ரவரிச் சீட்டும் திறக்கிறது, பட்டியலில்தான் வருவதில்லை. பிழைப் பதிவில் ‘வேல்யூ டூ லார்ஜ் ஃபார் டிஃபைன்ட் டேட்டா டைப்’ (ஒதுக்கிய இடத்தில் கொள்ளாத பெரிய மதிப்பு) என்று இருக்கிறது.

ஈப்போவலை:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் எஸ்எம்பி பேச்சே வந்திருக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு எண் என்று ஒன்று உண்டு. உங்கள் நிரல் அந்த எண்ணுக்கு 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறது. அதில் 4,294,967,295-க்கு மேல் கொள்ளாது. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கும் முறைகளுள் ஒன்று) இந்த எண், கோப்பின் விவரம் வட்டில் எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தைப் பொறுத்து அமைவதால், சிறிய வட்டில் வராத பெரிய எண்கள் 8 டெராபைட்டில் வந்துவிடும். புதிய கோப்புறைகளை அது வட்டின் வெவ்வேறு பகுதிகளில் பரப்பி வைக்கும் பழக்கம் உடையது. ஜனவரி தப்பியதும் பிப்ரவரி மாட்டிக்கொண்டதும் அதனால்தான். எண் கொள்ளாதபோது பட்டியல் எடுக்கும் அழைப்பு பிழையுடன் நிற்கிறது, அதைப் பட்டியல் முடிந்ததாக நிரல் எடுத்துக்கொள்கிறது.

எடைக் கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) தொடக்க வரியில் ‘என்எஃப்எஸ்.எனேபிள்_ஐநோ64=0’ என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள். பெரிய எண்களை அது 32 பிட்டுக்குள் சுருக்கிக் காட்டும்.

நெடுநாள்உறுப்பினர்:
பெட்டியிலேயே ஐநோட்32 (ஐநோடு எண்களை 32 பிட்டுக்குள்ளேயே வைக்கும் எக்ஸ்எஃப்எஸ் அமைப்பு) என்று வைத்துவிடுவதுதான் முறையான தீர்வு. லினக்ஸ் 3.7-க்கு முன் அதுதான் இயல்பாகவே இருந்தது.

ஈப்போவலை:
அது இனி உருவாகும் கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும்; ஏற்கெனவே உள்ளவை தத்தம் எண்ணுடன்தான் இருக்கும், எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அது நடக்காது. என் வழியிலும் ஒரு குறை உண்டு: சுருக்கும்போது இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண் விழலாம். ஆகவே காப்புநகலை அந்தக் கணினியிலிருந்து எடுக்காதீர்கள்.

தோட்டக்கிராணி:
நான்கு மாதங்களும் வந்துவிட்டன. லோரிகள் வரிசையில் நிற்கின்றன, பிறகு எழுதுகிறேன். நன்றி.

பீடோர்ப்பையன்:
பெட்டியில் இருப்பது எக்ஸ்எஃப்எஸ்தானா என்று பார்த்தீர்களா, அண்ணே?