பழைய பென்ஸ் 124-ஐ வீட்டிலேயே சீர்செய்தவர்களின் அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பழைய சொகுசுக் கார் வாங்கி வீட்டு முற்றத்திலேயே சரிசெய்தவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதினால் மற்றவர்களுக்கு உதவும் என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் இருப்பது 1996-ஆம் ஆண்டு மாடல் இ 250 டீசல். மெர்சிடிஸ் நிறுவனம் டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச் சேர்ந்து 1995-இல் புனேயில் தயாரிக்கத் தொடங்கிய 124 வரிசைக் கார் அது. இரண்டரை லிட்டர், ஐந்து சிலிண்டர், பெல்ட் இல்லாமல் டைமிங் செயினில் ஓடும் எஞ்சின். இந்தக் காரைப் பார்க்கும் எல்லோரும் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். நான் ஏழு மாதம் இதனடியில் படுத்துக் கற்றுக்கொண்டது வேறு. வயதாகிப் போயிருந்தது இரும்பைவிட ரப்பர்தான்.

2022 ஜூலையில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக் கொட்டகையில் நான்கு ஆண்டுகளாக நின்றிருந்த வண்டியைப் பார்க்கப் போனேன். புது பேட்டரி போட்டதும், நெடுநேரம் சுற்றிய பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. உரிமையாளர் சற்றும் பதறாமல் நான்காவது கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. “டீசல் பம்ப் போயிருச்சுங்க. அதை முழுசாப் பிரிக்கணும்னு ஒர்க்ஷாப்ல சொல்லிட்டாங்க. அதனாலதான் இந்த விலைக்குத் தர்றோம்” என்றார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பேசி முடித்து, லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இந்த டீசல் எஞ்சினைச் சாவி நேரடியாக அணைப்பதில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் வேக்குவம் பம்ப் உண்டாக்கும் உறிஞ்சு விசையை, சாவியைத் திருப்பி அணைக்கும்போது ஒரு மெல்லிய குழாய் டீசல் பம்பின் பின்புறமுள்ள சிறு டயஃப்ரத்துக்கு (ரப்பர் சவ்வு) கொண்டுபோகிறது. அது இழுபட்டவுடன் டீசல் நின்று எஞ்சின் அணைகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று மாலையே மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது டயஃப்ரத்தில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றிவிட்டு, டயஃப்ரத்தின் முனையில் சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக இழுத்தேன். பாதி தூரம் இழுப்பதற்குள் எஞ்சின் அடங்கியது. சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டே சில நிமிடம் நின்று பார்த்தேன். உறிஞ்சு விசை குறையவே இல்லை. அப்படியானால் டீசல் பம்பில் எந்தப் பழுதும் இல்லை. பிறகு குழாயை ஒவ்வொரு இணைப்பாகப் பின்தொடர்ந்து போனபோது, டேஷ்போர்டுக்கு அருகே கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு ரப்பர் முழங்கை இணைப்பு வெடித்துக் கிடந்தது. அதை மாற்ற ஆன செலவு நூறு ரூபாயைக்கூடத் தொடவில்லை. இதற்காகப் பம்பையே பிரித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டர் சுற்றியதற்கும் காரணம் ரப்பர்தான். டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள் ஓடுகின்றன. இரவு முழுவதும் நின்ற வண்டியின் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், அவற்றில் டீசலுக்கு நடுவே நீளமான காற்றுக் குமிழ்கள் தெரிந்தன. குழாய் முனைகளில் இருக்கும் ஓ-ரிங்குகள் என்னும் ரப்பர் வளையங்கள் இறுகிக் கல்லாகிவிட்டதால் காற்று உள்ளே நுழைந்திருந்தது. எல்லா ஓ-ரிங்குகளையும் ஒரே நாளில் மாற்றினேன். மறுநாள் காலை முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகக் கழற்றாத பிளக் கரி பிடித்து, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டோடு இறுகியிருக்கும். பலத்தைக் காட்டித் திருகினால் உள்ளேயே முறிந்து, ஹெட்டைக் கழற்றும் நிலை வந்துவிடும். நான் மூன்று நாள் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகு, கால் சுற்று கழற்றி, மறுபடி இறுக்கி, மறுபடி கழற்றி, ஐந்தையும் எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவிட்டேன். அவசரப்படும் ஆளை இந்த வேலைக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்கள் பெயிண்ட் பளபளப்பையும் தோல் சீட்டையும் பார்ப்பதற்கு முன்னால், கீழே உட்கார்ந்து ஜாக்கி வைக்கும் இடங்களைப் பாருங்கள். கதவுக்குக் கீழே பிளாஸ்டிக் பட்டை மூடியிருப்பதால் ஈரம் அங்கேயே தங்கித் துரு வெளியே தெரியாமல் வளரும். என் வண்டியில் மூடியைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியதும் அது தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. பட்டி வைத்து மூடாமல், அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். அதுவரை ஸ்டாண்ட் வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆர்சியின் காலம் முடிந்திருந்ததால் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. இப்போது எவ்வளவு என்று விசாரித்து, விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பசுமை வரி தனி.

மதுரையிலிருந்து:

கோவை அண்ணன் எழுதியதைப் படித்தபோது என் வண்டியை நினைத்துக்கொண்டேன். என்னுடையது அதே 124-இல் பெட்ரோல், இ 220. ஐடிலிங்கில் நடுங்கும்; ஏசி போட்டால் அணைந்துவிடும்; மழை நாளில் ஒரு சிலிண்டர் அடிக்காது. ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் காயில் மாற்றினார், பிறகு பிளக் வயர் மாற்றினார், கடைசியில் எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரைத் தேடி, பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனபோது, அங்கிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, முதல்ல வயரிங் மேல இருக்கிற உறையைக் கீறிப் பாரு” என்று சொல்லி வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து எஞ்சின் மேலுள்ள வயர்க் கட்டின் கருப்பு உறையை நீளவாக்கில் கீறினேன். உள்ளே இருந்த வயர்களின் மேல்தோல் பொரித்த அப்பளம் போல விரலிலேயே நொறுங்கி உதிர்ந்தது. செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. 1990-களின் முற்பகுதியில் இந்த நிறுவனம் பயன்படுத்திய வயர் உறை எஞ்சின் சூட்டில் சிதைந்துபோகும் தன்மை உடையது என்பதை அதன் பிறகே அறிந்தேன். புது வயர்க் கட்டின் விலை என் சக்திக்கு மீறியது. ஆகவே ஒரு வயரை வெட்டினால் அதை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டு, சூடு தாங்கும் வயர்களை வாங்கி, நிறத்தையும் முனை எண்ணையும் நோட்டில் குறித்துக்கொண்டு, இருபத்திரண்டு இரவுகளில் முழுவதையும் மாற்றினேன். இப்போது ஐடிலிங்கில் டேஷ்போர்டு மேல் வைத்த தண்ணீர் டம்ளரில் அலை எழுவதில்லை.

அண்ணா, ஒரு சந்தேகம். என் வண்டியில் சாவி போட்டால் டிரைவர் கதவு மட்டும் பூட்டுகிறது, மற்ற மூன்றும் பூட்டுவதில்லை. இதற்கும் எஞ்சின் வேக்குவத்துக்கும் தொடர்பு உண்டா?

கோயம்புத்தூரிலிருந்து:

இல்லை தம்பி. 124-இல் கதவுப் பூட்டுகளுக்கென்று பின் சீட்டுக்கு அடியில் தனி மின்சாரப் பம்ப் இருக்கிறது. சீட்டைத் தூக்கி, பூட்டும்போது அந்தப் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். நெடுநேரம் ஓடிவிட்டு நின்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று பொருள். பிறகு ஒவ்வொரு கதவுக்கும் போகும் குழாயைத் தனித்தனியே கழற்றி அதில் சிரிஞ்சை மாட்டி இழுத்துப் பாருங்கள். இழுத்த இடத்தில் கனமாகப் பிடித்து நின்றால் அந்தக் கதவு நன்றாக இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் லேசாக வந்தால் அந்தக் கதவுக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது. கதவின் உள் அட்டையைக் கழற்றும்போது கிளிப்புகளை உடைத்துவிடாதீர்கள், அவை கிடைப்பதுதான் அரிது.