கெஞ்சி வாங்கிய 'சரி' சம்மதமா? 14–16 வயதுப் பையன்களுக்கு எப்படிப் பாடம் எடுப்பது?

கேள்வி | வகுப்பாசிரியை

14 முதல் 16 வயதுப் பையன்கள், மொத்தம் 30 பேர். வாரம் ஒன்றாக 45 நிமிடப் பாடவேளை ஆறு கிடைத்திருக்கிறது. சம்மதம், ஆண்-பெண் சமத்துவம் இரண்டையும் எடுக்க வேண்டும். 'பெண்களை மதிக்கணும்' என்று பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நடத்தையில் தெரிகிற மாதிரி எப்படிச் சொல்லித்தருவது? மாணவிகளையும் சேர்த்து உட்கார வைக்கலாமா? எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 | பயிற்றுநர்

முதலில் 15 பேராகப் பிரித்துவிடுங்கள், டீச்சர். 30 பேர் நடுவில் ஒரு பையன் தனக்குத் தோன்றியதைச் சொல்ல மாட்டான். நண்பர்கள் சிரிக்கிற மாதிரி எதையாவது சொல்வான்.

முதல் வாரம் காதல், உடலுறவு எதையும் தொடாதீர்கள். பேனா போதும். இருவர் இருவராக நிறுத்துங்கள், மிஞ்சுபவன் கவனிக்கட்டும். ஒருவன் கையில் அவனுடைய பேனா. மற்றவன் அதை இரண்டு நிமிடத்துக்குள் பேச்சால் மட்டும் வாங்க வேண்டும், தொடக்கூடாது. பேனாக்காரனிடம் மட்டும் ஒரு சீட்டு கொடுங்கள்: 'உனக்குக் கொடுக்க விருப்பமில்லை. ஆனால் முடியாது என்ற சொல்லை மட்டும் சொல்லாதே.' கேட்பவனுக்கு இந்தச் சீட்டு பற்றித் தெரியக்கூடாது. சீட்டு இல்லாவிட்டால் கேட்டவுடன் பேனா கைமாறிவிடும், பேச ஒன்றும் மிஞ்சாது.

முடிந்ததும் பலகையை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், 'முடியாது' என்று சொல்லாமலே எப்படியெல்லாம் மறுத்தான்: 'அப்புறம் தரேன்', 'மை தீர்ந்துபோச்சு', பேச்சை மாற்றியது, சிரித்து மழுப்பியது, ஒரு அடி பின்னால் போனது. வலப்பக்கம், வாங்க என்னென்ன செய்தான்: கெஞ்சினான், 'நீயெல்லாம் ஒரு ஃபிரண்டா' என்றான், கோபித்துக்கொண்டான், பதிலுக்கு ஒன்று தருவதாகச் சொன்னான். பிறகு பேனா கொடுத்தவர்களைப் பார்த்து ஒரே கேள்வி: 'மனசோட கொடுத்தியா, தொல்லை விட்டாப் போதும்னு கொடுத்தியா?' இந்த உரையாடலுக்குக் குறைந்தது 25 நிமிடம் வேண்டும். விளையாட்டு நீண்டு பேச்சுக்கு நேரமில்லாமல் போனால், அடுத்தவரைப் பேசி மடக்குவது எப்படி என்ற பயிற்சியாக அது முடிந்துவிடும்.

இரண்டாம் வாரம் அதே இரண்டு பட்டியலையும் பலகையில் எழுதிவிட்டு, 'பேனா' இருந்த இடத்தில் 'கையைப் பிடிக்கலாமா', 'முத்தம் கொடுக்கலாமா', 'ஒரு போட்டோ அனுப்பு' என்று மாற்றிப் போடுங்கள். அவர்களே பொருத்திப் பார்த்துவிடுவார்கள். அதன் பிறகுதான் விளக்கம்: வற்புறுத்தல் இல்லாத, விஷயம் தெரிந்து, விருப்பத்தோடு, அந்த ஒன்றுக்கு மட்டும் தரப்படுவதே சம்மதம், எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம். போதையில் இருப்பவரும் தூங்குபவரும் சம்மதம் தர முடியாது. சம்மத வயது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டில் உள்ளதை வயது எண்ணோடு சொல்லிவிடுங்கள்.

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று யாராவது கட்டாயம் சொல்வான். அதை ஒதுக்காமல் எடுத்துப் பேசுங்கள். அச்சத்தில் உடல் விறைத்துப்போய்க் குரல் எழாமல் போவது யாருக்கும் நடக்கும், ஆண்களுக்கும்தான். எதிர்க்கவில்லை என்பதாலேயே விரும்பினாள் என்று ஆகாது.

பதில் 2 | உளவியல் ஆலோசகர்

மேலே சொன்ன பயிற்சி நல்லது. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தி எழுப்பாதீர்கள். விரும்பாதவன் உட்கார்ந்து கவனிக்கட்டும். சம்மதத்தைப் பற்றிய வகுப்பிலேயே அவன் சம்மதம் கேட்கப்படாவிட்டால், அந்தப் பாடம்தான் மனதில் நிற்கும்.

'உனக்கும் அக்கா தங்கச்சி இருக்காங்கல்ல?' என்ற வாதம் வேண்டாம். உறவாக இருந்தால்தான் மரியாதை என்று அதற்குப் பொருள். யாருக்கும் அக்காவாகவோ தங்கையாகவோ இல்லாதவளுக்கும் அவள் உடல் அவளுடையதுதான்.

பலரும் விட்டுவிடுகிற பகுதி, மறுப்பைத் தாங்குவது. 'வேண்டாம்' என்ற பதில் வந்த பின்னும் பையன் தொடர்வதற்கு நண்பர்கள் முன் ஏற்படும் அவமானமும் ஒரு காரணம். அதனால் வாயால் சொல்லிப் பழக வையுங்கள்: 'சரி, புரியுது. இனி இதைப் பத்திக் கேட்க மாட்டேன்.' அவ்வளவுதான். காரணம் கேட்கக்கூடாது, தோழியைத் தூது அனுப்பக்கூடாது, இரவில் குறுஞ்செய்தி கூடாது. கூடவே நண்பர்களுக்கான வரியும் வேண்டும்: 'விடுடா, அவ வேண்டாம்னு சொல்லிட்டா.' தடுக்க நினைக்கிற பையனுக்கு அந்த நேரத்தில் சொல் கிடைப்பதில்லை. கையில் ஒரு வரி இருந்தால் சொல்லிவிடுவான்.

பெயர் எழுதாத கேள்விப் பெட்டி வையுங்கள். எல்லோரும் சீட்டு போட வேண்டும். கேள்வி இல்லாதவன் 'இல்லை' என்று எழுதட்டும், அப்போதுதான் யார் எழுதினார் என்று தெரியாது. ஆபாசப் படம் பற்றிய கேள்விகள் நிச்சயம் வரும். திட்டாமல் ஒன்றைக் காட்டுங்கள்: அந்தக் காட்சிகளில் பெரும்பாலும் யாரும் கேட்பதும் இல்லை, தயங்குவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பேச்சின் நடுவே ஒரு பையன் தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லக்கூடும். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதுகாப்புக்காகச் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். குழு முன் விசாரிக்காமல் தனியே கேளுங்கள்.

பதில் 3 | பாடத்திட்டப் பணியில் இருப்பவர்

யுனெஸ்கோவின் பாலியல் கல்வி வழிகாட்டி, 2018இல் திருத்தி வெளியிடப்பட்டது, 12–15, 15–18 என்று வயதைப் பிரித்துச் சம்மதம், அந்தரங்கம், உடல் உரிமை ஆகியவற்றை வைக்கிறது. உங்கள் பையன்கள் இரண்டிலும் வருகிறார்கள், இரண்டையும் பாருங்கள்.

யார் எடுப்பது என்பதும் முக்கியம். கலிபோர்னியாவில் 16 உயர்நிலைப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் ஒரு பகுதிப் பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்சியாளர்களே வாரம் ஒருமுறை குறுகிய நேரம் பையன்களிடம் இதைப் பேசினார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில், தவறைக் கண்டால் தலையிடும் எண்ணம் மற்றப் பள்ளிகளைவிட இவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆகவே உடற்பயிற்சி ஆசிரியரைக் கூட்டு சேருங்கள். வாரம் பத்து நிமிடம் அவர் மைதானத்தில் பேசட்டும்.

சமத்துவத்துக்கு ஒரு தாள் போதும். நேற்று வீட்டில் நடந்த எல்லா வேலையும், செய்தவர், ஆன நேரம். பாத்திரம் கழுவியதை எழுதுவார்கள். 'என்ன தீர்ந்துபோச்சுன்னு நினைவு வச்சது' எழுத மாட்டார்கள். அதைக் கேட்டு எழுத வையுங்கள். பிறகு ஒரு வேலையை இரண்டு வாரம் முழுப் பொறுப்பாக ஏற்கட்டும். 'அம்மாவுக்கு உதவினேன்' என்ற சொல்லை அனுமதிக்காதீர்கள், அது அவன் வேலை.

மாணவிகளை ஐந்தாம் வாரம் சேருங்கள், அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும். தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிப் பையன்களைத் திருத்தும் சுமையை அவர்கள் தலையில் வைக்கக்கூடாது. சூழ்நிலை அட்டைகள் கொடுத்து இரு தரப்பும் சேர்ந்து பேசட்டும்.

கேள்வி | வகுப்பாசிரியை

நன்றி. 'எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா எப்படி டீச்சர், மூடே போயிடும்' என்று ஒருவன் சொன்னால்?

பதில் 1 | பயிற்றுநர்

அவனையே பலகைக்கு அழைத்து, ஆசை தெரிகிற மாதிரியும் அவளுக்கு மறுக்க இடம் இருக்கிற மாதிரியும் ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். மற்றவர்கள் திருத்தட்டும். 'பிடிச்சிருக்கா, இல்ல நிறுத்தட்டுமா?' போன்ற ஒன்றில் வந்து நிற்பார்கள். அதை அழிக்காமல் அடுத்த வாரம்வரை வைத்திருங்கள்.