புதுப்பிப்பு: எம்டன் ஆவணப்படம் குறித்த என் முந்தைய பதிவில் ஒரு திருத்தம்

1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியிடம் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் வீழ்ந்தபோது, அதன் மாலுமிகளில் ஒருவரும் தப்பவில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன், அது தவறு.

சனிக்கிழமை இரவு பாம்பனில் நண்பர்கள் கூடி அப்படத்தை மறுபடியும் பார்த்தோம். அத்தீவின் தந்தி நிலையத்தை அழிக்க எம்டனிலிருந்து கரையிறங்கியிருந்த ஏறக்குறைய 50 பேர், முக்கே என்ற அதிகாரியின் தலைமையில், ஆயிஷா என்னும் பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்ராவின் பாடாங் துறைமுகத்தை அடைந்திருக்கிறார்கள். எம்டனின் குண்டுவீச்சில் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த காட்சியையே பெரிதாக எண்ணியிருந்த எனக்கு, இந்தப் பயணமே இப்போது மேலாகத் தோன்றுகிறது.

தோணியோட்டிப் பழகிய கீழக்கரைப் பெரியவர் ஒருவர் படத்தை நிறுத்தச் சொல்லி, திரையில் தெரிந்த பாயை விரலால் தொட்டுக் காட்டி, “தம்பி, இத்துப்போன பாயை வச்சுக்கிட்டு இம்புட்டுத் தூரம் ஓடுறது லேசுப்பட்ட காரியமில்ல” என்றார்.