புதுப்பிப்பு: அக்காவின் மார்பகக் கட்டி, முழு ரிப்போர்ட் வந்துவிட்டது

கடலூரில் இருக்கும் அக்காவுக்கு மார்பகத்தில் 1.8 செ.மீ. கட்டி, சின்னதுதானே, பயப்பட வேண்டாமா என்று முன்பு கேட்டிருந்தேன். புதுச்சேரி ஜிப்மரில் ஆபரேஷன் முடிந்தது. அக்குள் நிணநீர் முடிச்சுகளில் பரவல் இல்லை, பெரிய நிம்மதி! ஆனால் புற்றுநோய் வகை டிரிப்பிள் நெகட்டிவ்; அதாவது கட்டியில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள் இல்லை, ஹெர்2 என்ற புரதமும் மிகையாக இல்லை.

இந்த வகைக்கு ஹார்மோன் மாத்திரையும், ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும் பயன்படாது. அதனால் கட்டி 1 செ.மீ. தாண்டினாலே பெரும்பாலும் கீமோ கொடுக்கிறார்கள். அக்காவுக்கும் தொடங்குகிறது. திரும்ப வரும் ஆபத்து முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம், 5 ஆண்டு தாண்டினால் நன்றாகக் குறையும்.

ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோன் ஏற்பிகள் உள்ள) வகை வேறு மாதிரி. 5 ஆண்டு மாத்திரை முடித்தவர்களுக்கும் 20 ஆண்டு வரைகூடத் திரும்பலாம்; கட்டி பெரிதாக, பரவிய முடிச்சுகள் அதிகமாக, அந்த ஆபத்தும் கூடும்.

அளவை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஈஆர், பிஆர் (அந்த இரண்டு ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள்.