30 லட்சம் ஆண்டுகளுக்கு அப்புறமும் அதே அறைத்தோழன்

பிடித்த பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடர் எது என்ற பேச்சில், டாக்டர் ஹூ பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் ரெட் ட்வார்ஃப் என்ற நகைச்சுவைத் தொடர் பற்றி எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் படித்த காலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். டேவ் என்ற பிரிட்டிஷ் டிவி சேனலில் ராத்திரி நேரத்தில் பழைய ரெட் ட்வார்ஃப் மறுஒளிபரப்பு போகும். கூட இருந்த ஆங்கிலேயப் பையன் ஒருவனுக்குப் பாதி வசனம் மனப்பாடம். அவன் பழக்கிவிட்டதுதான். கல்லூரிப் பாடங்கள் மறந்துவிட்டன, இது இன்னும் மறக்கவில்லை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராப் கிரான்ட், டக் நெய்லர் என்ற இரண்டு பேர் எழுதி, 1988 பிப்ரவரி 15 அன்று பிபிசி 2-இல் தொடங்கிய தொடர். ரெட் ட்வார்ஃப் என்பது ஒரு சுரங்க விண்கலம். அதில் கடைநிலைத் தொழிலாளி டேவ் லிஸ்டர். அனுமதியில்லாமல் பூனை ஒன்றைக் கொண்டுவந்து ஒளித்து வைத்ததற்குத் தண்டனையாக, காலம் ஓடாத ஓர் அறையில் அவனை உறையவைக்கிறார்கள். அந்த நேரத்தில் கதிர்வீச்சுக் கசிந்து மற்ற எல்லோரும் இறந்துபோகிறார்கள். ஆபத்து விலகும்வரை காத்திருந்து கப்பலின் கணினி ஹோலி அவனை எழுப்பும்போது 30 லட்சம் ஆண்டுகள் கழிந்துவிட்டன.

எழுந்து வந்தவன் மற்றவர்கள் எங்கே என்று கேட்கிறான். எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்கிறது ஹோலி. கேப்டனுமா? எல்லோரும்தான். அவனுமா, இவளுமா என்று லிஸ்டர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்கக் கேட்க, அதே பதில் அதே குரலில் வருகிறது. ஹோலியாக நடித்த நார்மன் லவெட்டின் அந்தச் சலனமில்லாத முகத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த நிமிடமே மனது கனத்துவிட்டது. ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த அத்தனை பேரையும் ஒரே மூச்சில் இழந்துகொண்டிருக்கும் காட்சி அது. அதை நகைச்சுவையாக எழுத முடியும் என்று நினைத்தார்களே, அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இந்தத் தொடர் மேல் இவ்வளவு மரியாதை.

லிஸ்டருக்குப் புத்தி பேதலித்துவிடாமல் இருக்க, இறந்தவர்களில் ஒருவரை ஹாலோகிராமாக, அதாவது ஒளியால் ஆன உருவமாக, ஹோலி திரும்பக் கொண்டுவருகிறது. யாரை? அவனுடைய அறைத்தோழன் ரிம்மரை. பதவி உயர்வுக்காகத் தேர்வு எழுதி எழுதித் தோற்றவன், சட்டதிட்டம் பேசியே உயிரை எடுப்பவன். இருவருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் லிஸ்டர் அதிகம் பேசியது அவனிடம்தான், சண்டையாக இருந்தாலும். இந்த ஓர் ஏற்பாடுதான் தொடர் முழுவதையும் தாங்குகிறது. விண்கலம், ரோபோ, காலப்பயணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒத்துப்போகாத ஒருவரோடு ஒரே அறையைப் பகிர்ந்தவர்கள் யாராக இருந்தாலும் ரிம்மரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1989-இல் வந்த மூன்றாம் தொடரின் (அதாவது மூன்றாம் சீசனின்) 'மரூன்ட்' அத்தியாயம். பனிக் கோளில் சிறு கலத்தோடு விழுந்து இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள். சாப்பிட நாய்த்தீனிதான் மிச்சம். குளிர் காய, கையில் இருப்பதை ஒவ்வொன்றாக எரிக்க வேண்டும். லிஸ்டருக்கு உயிர் அவனுடைய கிட்டார். ரிம்மருக்கு ஒரு பழைய மரப்பெட்டியும் பொம்மைப் போர்வீரர்களும். லிஸ்டர் அந்தப் பெட்டியிலிருந்தே கிட்டார் வடிவத்தில் பலகையை வெட்டியெடுத்து எரித்துவிட்டு, கிட்டாரையே தியாகம் செய்ததாக நம்பவைக்கிறான். மனம் உருகிப்போன ரிம்மர் தன் பொம்மைகளைத் தீயில் போடச் சொல்கிறான். பெரும்பாலும் இரண்டே பேர், பேச்சு மட்டும். லிஸ்டராக கிரெய்க் சார்ல்ஸும் ரிம்மராக கிறிஸ் பாரியும் இதில் நடித்ததைப் பார்த்தால், செட் மலிவானதா என்று கேட்கவே தோன்றாது.

நாலாம் தொடரில் (1991) லிஸ்டர் ஆசை ஆசையாகச் சாப்பிடும் விண்டலூ குழம்பு ராட்சத உருவம் எடுத்து அவனையே துரத்தும் கட்டம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். அது கூத்து, அவ்வளவுதான். 'மரூன்ட்' வேறு உயரம்.

இன்னொன்று. 1998-இல் முதல் மூன்று தொடர்களையும் கணினி வரைகலை சேர்த்துப் புதுப்பித்து வெளியிட்டார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். பழைய பதிப்பில் சின்ன மாடல் செய்து படம்பிடித்த கப்பலுக்கு ஒரு கனம் இருக்கிறது. முதல் இரண்டு தொடர்களின் தொடக்கத்தில், கப்பலின் வெளிப்புறத்தில் ஒற்றை ஆள் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்க, கேமரா மெல்லப் பின்வாங்கி அந்தப் பிரம்மாண்டத்தைக் காட்டும். தொடருக்கு இசையமைத்த ஹவர்ட் குடாலின் இசையும் அங்கே சிரிக்காது. லிஸ்டரின் தனிமையை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிடுவார்கள்.

மறுமொழி:

நல்ல பதிவு. நான் வரைகலைத் தொழிலில் இருப்பவள், என் ஓட்டு தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி என்ற விண்வெளி நகைச்சுவைத் தொடருக்கு. டக்ளஸ் ஆடம்ஸ் 1978-இல் வானொலிக்கு எழுதியது, 1981-இல் ஆறு பகுதிகளாக பிபிசி 2-க்கு வந்தது. அதில் தொடரின் பெயரைக் கொண்ட வழிகாட்டிப் 'புத்தகம்' பேசும்போது திரையில் எழுத்துகளும் படங்களும் ஓடுமே, அசல் கணினித் திரை மாதிரியே? எல்லாம் கையால் செய்தவை. ராட் லார்டின் குழுவினர் ஒவ்வொரு சட்டகமாகத் தயாரித்து, பின்னாலிருந்து வண்ண ஒளி பாய்ச்சிப் படம்பிடித்தார்கள். அது தெரிந்த பிறகு கதையை விட்டுவிட்டு அந்தப் பகுதிகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓரத்தில் ஓடும் சின்ன எழுத்துகளில்கூட நகைச்சுவை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே, புத்தகத்துக்குக் குரல் கொடுத்த பீட்டர் ஜோன்ஸின் அலட்டிக்கொள்ளாத பேச்சு. கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

பதிவர்:

இதைக் கையால் செய்தார்கள் என்று படித்ததும் திரும்பவும் எடுத்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது. நன்றி.

எங்கிருந்து தொடங்கலாம் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ரெட் ட்வார்ஃபை மூன்றாம் தொடரிலிருந்து பார்க்கச் சொல்லும் ரசிகர்கள் நிறைய. கிரைட்டன் என்ற ரோபோவாக ராபர்ட் லெவெலின் நிலையாக வருவதும் வேகம் கூடுவதும் அங்கேதான், உண்மை. ஆனாலும் முதல் அத்தியாயத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். லிஸ்டர் எதையெல்லாம் இழந்தான் என்று தெரிந்திருந்தால்தான், ரிம்மரோடு அவன் போடும் ஒவ்வொரு சண்டையும் ஏன் அவ்வளவு தேவையாக இருக்கிறது என்று புரியும்.